ஏவுகணை வண்டியின் கண்ணும் அரை உருளைக்கிழங்கும்

நான் ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனால் என்னைப் பற்றிய ஒரு கதை எங்கள் வண்டிப் பிரிவில் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. சமீபத்தில் ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று கொடுக்கப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த டிரைவர்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏனுங்கண்ணா, அந்த ஏவுகணை வண்டி மஞ்சு மூட்டத்துல கண்ணு தெரியாம நின்னுபோச்சாமா. நீங்கதான் உருளைக்கெழங்கத் தேச்சு அதைக் காப்பாத்தினீங்களாமா. நெசமுங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிழங்கைத் தேய்த்தது நான்தான், அது உண்மை. ஆனால் அதனால் வண்டி பிழைத்தது என்பது முழுப் பொய். அந்தக் கிழங்கால் பெரிய கேடு நடக்க இருந்தது. அதை அவர்களிடம் சொன்னேன், நம்பவில்லை. "அண்ணன் தன்னடக்கமாப் பேசறாரு" என்று தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டார்கள். இதென்னடா வம்பு! செய்யாத நல்லதுக்கு மாலை வாங்கிக்கொண்டு திரிய எனக்கு விருப்பமில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அந்த வண்டியை இப்போது அணிவகுப்புகளில் தொலைக்காட்சியிலேயே காட்டுகிறார்கள். ஆகவே நான் ரகசியம் எதையும் உடைக்கவில்லை. ரகசியமானது எதுவும் எனக்குத் தெரியவும் தெரியாது.

என் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஓவேலியில் குடியேறியவர். நான் பிறந்தது, வளர்ந்தது, கிளீனராக லாரி ஏறியது எல்லாம் அங்கேதான். கொழுந்து மூட்டைகளைத் தோட்டத்திலிருந்து பாக்டரிக்கு ஏற்றிப்போகும் லாரி. அதன் டிரைவர் மலப்புறத்துக்காரர். அவரிடம் நான் படித்த முதல் பாடம் கியர் இல்லை, பிரேக் இல்லை, கிழங்குதான். "உருளக்கெழங்கு இல்லாதெ வண்டி எடுக்கண்டா, கேட்டோ" என்பார், கிழங்கு இல்லாமல் வண்டியை எடுக்காதே என்று. மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தை முன் கண்ணாடியில் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டால், பனி வந்து படியாது. படிந்தாலும் மங்காமல் வழிந்துவிடும். சிலர் புகையிலையைத் தேய்ப்பார்கள். எனக்கு அந்த வாசம் ஆகாது. என் சட்டைப் பையில் அரைக் கிழங்கு இல்லாத நாள் கிடையாது. சட்டையைத் துவைக்கும் என் மனைவி செல்வி அதற்காக என்னைத் திட்டாத நாளும் கிடையாது.

கனரக வண்டி உரிமம் எடுத்த பிறகு, பாதுகாப்புத் தளவாடங்களைச் சோதிக்கும் ஒரு நிலையத்தில் டிரைவராகச் சேர்ந்தேன். தலைமை இடம் சமவெளியில். குளிரில் சோதிக்க வேண்டியவற்றுக்காக ஊட்டிக்கு அப்பால் ஒரு புல்மேட்டில் வேலி போட்டு இடம் வைத்திருந்தார்கள். நான் ஒப்பந்த ஆள். வருடா வருடம் ஆணையைப் புதுப்பிப்பார்கள். ஊட்டி காந்தலில் ஒரு வாடகை வீடு, செல்வி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். எட்டு வருடம் இப்படி ஓடியது. அந்த வருடம்தான் நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியலில் என் பெயரும் வரப்போகிறது என்றார்கள். சோதனைக் குழுவின் தலைவர் ஒரு வார்த்தை நல்லதாக எழுதினால் போதும். அந்தத் தலைவர் லலிதா மேடம்.

அந்தத் தை மாதத்தில்தான் வண்டி வந்தது.

பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. முதுகில் ஆறு குழாய். நிஜமான ஏவுகணை இல்லை. அதே எடைக்கு மணல் அடைத்த பொம்மைகள். தாழ்வாகப் பறந்து வரும் விமானத்தை அருகிலேயே வைத்து அடிப்பதற்கான வண்டி அது. பட்டாளத்தோடு கூடவே ஓடும், நிற்கும், அடிக்கும், மறுபடி ஓடும். உள்ளே மூன்று பேர் உட்கார வேண்டும்: ஓட்டுகிறவர், குறி பார்க்கிறவர், உத்தரவு கொடுக்கிறவர். மேலே சுழலும் தலை ஒன்று. அதன் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதற்குப் பின்னால் இருக்கும் கேமரா விமானத்தைப் பிடித்துவிட்டால், பிறகு தலை தானாகவே விமானத்தின் பின்னால் திரும்பும். அந்தக் கண்ணாடியை எல்லாரும் "கண்" என்றே சொன்னோம்.

லலிதா மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருச்சிப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருக்கு ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்பார், ஒன்றும் எழுத மாட்டார். கேட்டு முடித்ததும், "இப்ப ரெண்டாவது தடவை சொல்லுங்க" என்பார். அப்புறம்தான் பேனாவின் மூடியைத் திறப்பார்.

முதல் நாளே நான் மாட்டினேன். வண்டியை நிறுத்தியதும் அதன் நான்கு பக்கமும் தாங்குகால்களை இறக்கி, சேற்றில் புதையாமல் அடியில் பலகை வைத்து, வண்டி சாயாமல் நிற்பதைக் காட்டும் மட்டக் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் ஒரு கோளாறு. நான் போய், "மேடம், நான் அப்பவே சொன்னேனுங்க, கீழ ஒர்க்‌ஷாப்ல சரியாப் பாக்கலீங்க, வளைவுல ஒரு எடத்துல குலுங்குச்சு பாருங்க, அப்பவே எனக்கு ஒரு டவுட்டுங்க..." என்று ஆரம்பித்து மூச்சு வாங்கும்வரை பேசினேன். முழுக்கக் கேட்டார். "இப்ப ரெண்டாவது தடவை சொல்லுங்க" என்றார். யோசித்துப் பார்த்தால் சொல்ல ஒரு வரிதான் இருந்தது. "இடது பின் தாங்குகால்ல எண்ணெய் கசியுதுங்க." "இதை எழுதிக்கிறேன்" என்றார். மனிதர்கள் முதல் தடவை தங்களைப் பற்றிப் பேசுகிறார்கள், இரண்டாவது தடவைதான் விஷயத்தைப் பேசுகிறார்கள் என்பது அவருடைய கணக்கு. எனக்கு அந்தப் பழக்கம் முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு செல்வியிடமே அதைப் பிரயோகித்துப் பார்த்தேன். கரண்டி பறந்து வந்தது.

சோதனை நாளின் ஒழுங்கு இப்படி. காலை ஐந்து மணிக்கு நான் புல்மேட்டுக்குப் போய்விடுவேன். காவலாளி வேலிக் கதவைத் திறப்பார். புல் முழுக்க உறைபனி, மாவு சலித்துக் கொட்டியதுபோல் வெள்ளையாகக் கிடக்கும். டயர்களைப் பார்த்து, இன்ஜினைச் சூடேற்றி, தார்ப்பாயை நான்கு மடிப்பாக மடித்து வைப்பேன். ஆறரைக்குக் குழு ஜீப்பில் வரும். குமரேசன் என்ற டெக்னீசியன், கோயம்புத்தூர்ப் பையன், ஏணியில் ஏறி, டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கண்ணைப் பார்த்துவிட்டுக் கீழே குரல் கொடுப்பார். மேடத்தின் தாளில் நேரம், குளிர், ஈரம், கண்ணாடியின் நிலை என்று கட்டங்கள் இருக்கும். கண்ணாடிக் கட்டத்தில் 'தெளிவு' அல்லது 'மங்கல்', இரண்டில் ஒன்று. பக்கத்தில் பார்த்தவர் கையெழுத்து. அதன் பிறகு எதிர்மலையிலிருந்து ஆளில்லாத சின்ன விமானம் ஒன்றைப் பறக்கவிடுவார்கள். தலை அதைப் பிடித்து, அது போகும் பக்கமெல்லாம் திரும்பும். மஞ்சு என்கிற மூடுபனி ஓரளவு இருந்தாலும் அந்தக் கேமரா ஊடுருவிப் பார்த்துவிடும். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். வாய் பிளந்து நிற்பேன்.

இந்தச் சோதனை எல்லாம் எதைப் பார்ப்பதற்காக என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள், அதுதான் அங்கே விதி. டிரைவருக்கு வண்டி தெரிந்தால் போதும். நானும் கேட்டதில்லை.

சோதனையின் முதல் நாள் காலையில் வழக்கம்போல் முன் கண்ணாடியில் கிழங்கைத் தேய்த்துத் துடைத்தேன். கையில் இன்னும் கிழங்கு மிச்சம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தார்ப்பாயை எடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மேலே அந்தக் கண் சாம்பல் பூத்ததுபோல் மங்கிக் கிடந்தது. அட பாவமே, என் கண்ணாடிக்குச் செய்ததை இதற்கும் செய்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த துவைத்த துண்டோடு மேலே ஏறினேன். பக்குவமாகத் தேய்த்து, பிள்ளை முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டு இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. வண்டியைத் துடைப்பது டிரைவர் வேலைதானே!

ஆறரைக்குக் குமரேசன் ஏணியில் ஏறி, "தெளிவுங்க மேடம்" என்றார்.

அடுத்த நாளும் தெளிவு. அதற்கடுத்த நாளும் தெளிவு. பத்துக் காலை, பத்துத் தெளிவு. குழுவில் எல்லார் முகமும் மலர்ந்துகொண்டே வந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் தெரியாது, எல்லாரும் சிரித்தால் நாமும் சிரிப்போம் இல்லையா.

பத்தாவது நாள் சாயங்காலம் சோதனை முடிந்தது. கொட்டகையில் டீயும் சூடான போண்டாவும் கொடுத்தார்கள். குமரேசன் டம்ளரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மறுநாள் காலை எல்லாரும் கீழே இறங்குகிறோம், அதற்கடுத்த நாள் அவர் மனைவிக்கு வளைகாப்பு. மனிதர் பறந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, இந்தக் குளிர்ல நாம எதுக்கு வந்து கெடந்தோம்னு தெரியுமா? வேலைதான் முடிஞ்சுதே, இனிமே சொன்னா என்ன" என்று காதருகே வந்தார். "கண்ணாடி வேர்க்குதான்னு பாக்கறதுக்குத்தானுங்ணா. கீழ எல்லாச் சோதனையும் பாஸ். பனி விழற எடத்துல வேர்த்து மங்கிருச்சுன்னா கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்குச் சூடேத்தற ஏற்பாடு வேணுமா வேண்டாமான்னு ஒரே சண்டை. மேடம் வேணும்னாங்க. மேல இருக்கறவங்க எடை கூடுது, வேண்டாம்னாங்க. இப்பப் பாருங்க, பத்து நாள்ல ஒரு நாளு கூட வேர்க்கல. இனி அந்த ஏற்பாடு இல்லாமயே பட்டாளத்துக்குப் போயிரும்."

பாதி கடித்த போண்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அன்று வீட்டுக்குப் போனால் செல்வி உருளைக்கிழங்குக் குழம்பு வைத்திருந்தாள். தட்டைப் பார்க்கவே முடியவில்லை. "ஏனுங்க, கொழம்பு நல்லால்லீங்களா?" என்றாள். "நல்லாத்தான் இருக்குது அம்மிணி" என்று கையைக் கழுவிவிட்டேன். அவளிடம்கூடச் சொல்லத் துணிவில்லை. நிரந்தரம் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், சமையல்கட்டு பெரிதாக இருக்கும் என்று ஒரு வருடமாகக் கனவு கண்டுகொண்டிருந்தவள் அவள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை வண்டியை எடுக்கும்போது, வாயைத் திறப்பதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தேன். நான் ஒரு டிரைவர். படித்தவர்கள் இத்தனை பேர் பார்க்காமலா விடுவார்கள், வேறு எங்காவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறென்ன.

முன்னால் மேடத்தின் ஜீப், பின்னால் என் வண்டி, அதற்குப் பின்னால் சாமான் லாரி. குமரேசன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குன்னூர் தாண்டி இறங்கும்போது மஞ்சு வந்து அப்பிக்கொண்டது. பத்தடிக்கு முன்னால் ஜீப்பின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. எதிரே ஏறி வந்த பஸ்ஸின் டிரைவர் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு கையால் தன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டி வந்தார். மலை ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குகிறவரின் பொறுப்பு. ஒதுங்கி நின்று அவருக்கு வழிவிட்டேன்.

குமரேசன் பஸ்ஸையும் பார்த்தார், எங்கள் முன் கண்ணாடியையும் பார்த்தார். "ஏனுங்ணா, நம்ம கண்ணாடி மட்டும் எப்புடீங்ணா இப்படிப் பளிச்சுன்னு இருக்குது?"

"கெழங்கு தேச்சிருக்கனுங்க தம்பி. உருளைக்கெழங்கு. மலையில எல்லாரும் தேப்போமுங்க."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட! இது தெரியாம மேல இருக்கறவங்க சண்டை போட்டாங்க பாருங்க. பேசாம அந்தக் கண்ணுக்கும் ஒண்ணத் தேச்சு உட்டிருக்கலாம்."

நான் சாலையையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது.

"அண்ணா?"

"தேச்சேனுங்க தம்பி. பத்து நாளும்."

 அடுத்த வளைவு தாண்டியதும் அவர் ரொம்ப மெதுவாக, "யாரு கிட்டயும் சொல்லாதீங்ணா" என்றார். "பத்துக் கையெழுத்தும் என்னுதுங்ணா. டார்ச் அடிச்சுப் பாத்துத் தெளிவுன்னு எழுதுனது நானு. நாளைக்கு வளைகாப்புங்ணா. உங்களுக்கும் லிஸ்ட் வரப்போகுது. யாருக்கும் தெரியப்போறதில்லீங்ணா."

அவர் சொன்னது அத்தனையும் நான் விடியவிடிய எனக்குச் சொல்லிக்கொண்டதுதான். ஆனால் அதை இன்னொருவர் வாயால் கேட்டபோது அசிங்கமாக இருந்தது. அந்த பஸ் டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனது வேறு மனதை விட்டுப் போகவில்லை. அவருக்காவது தலையை வெளியே நீட்ட முடிந்தது. இந்த வண்டிக்குள் உட்காரப்போகிறவர்களுக்கு அதுவும் முடியாது.

வளைவுக்கு அப்பால் சாலை கொஞ்சம் அகலமாக இருந்தது. ஓரம் கட்டினேன். கோளாறு என்றால் மூன்று நீண்ட ஹாரன் அடிக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அடித்தேன்.

மேடம் ஜீப்பை நிறுத்திவிட்டு, மஞ்சுக்குள்ளிருந்து சாலையில் நடந்து வந்தார். "என்ன ஆச்சு தங்கவேலு?"

நான் கீழே இறங்கி நின்று ஆரம்பித்தேன். கொழுந்து லாரி, மலப்புறத்துக்காரர், துவைத்த துண்டு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, எட்டு வருட சர்வீஸ், பிள்ளைகள் எல்லாம் வந்தது. அழுதேனா என்று நினைவில்லை. மூக்கு ஒழுகியது, அது குளிராகவும் இருக்கலாம். பாறை மேல் உட்கார்ந்திருந்த குரங்குக் கூட்டம் ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மேடம் முழுக்கக் கேட்டார்.

"இப்ப ரெண்டாவது தடவை சொல்லுங்க."

"பத்து நாளும் காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி கண்ணுல உருளைக்கெழங்கத் தேச்சேனுங்க. தேய்க்கறதுக்கு முன்னாடி பத்து நாளும் அது மங்கலாத்தான் இருந்துச்சுங்க."

பேனாவின் மூடியைத் திறந்தவர் எழுதவில்லை. "யாராவது தேய்க்கச் சொன்னாங்களா?"

"இல்லீங்க மேடம்."

"சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏன் சொல்றீங்க?"

"உள்ள உக்கார்றவங்ககிட்ட கெழங்கு இருக்காதுங்க மேடம்."

அவர் வண்டியின் மேலே தார்ப்பாய் போர்த்தியிருந்த தலையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "திரும்பலாம்" என்றார்.

"மேடம், இங்க திருப்ப முடியாதுங்க. இவ்வளவு நீள வண்டி. கீழ கல்லாறு வரைக்கும் போய்த்தான் திருப்பணுமுங்க."

"சரி, போய்த் திருப்புங்க."

அப்படியே மலை அடிவாரம்வரை இறங்கி, அங்கே வண்டியைத் திருப்பி, மறுபடி ஒவ்வொரு வளைவாக ஏறினோம். இப்போது நாங்கள் ஏறுகிற வண்டி. இறங்கி வந்த பஸ், கார், காய்கறி லாரி எல்லாம் ஒதுங்கி நின்று எங்களுக்கு மரியாதையாக வழிவிட்டன. வாழ்க்கையில் அன்றைக்குப் போல் வெட்கப்பட்டு நான் வண்டி ஓட்டியதில்லை. குமரேசன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எல்லாரும் புல்மேட்டில் இருந்தோம். மேடம் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, கையில் கடிகாரத்தோடு நின்றார். முந்தின சாயங்காலமே குமரேசன் அதற்கான திரவம் போட்டு, அதற்கான துணியால் கண்ணைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார். நான் தார்ப்பாயை எடுத்தேன். என் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணாடி விளிம்பிலிருந்து நடுவுக்கு மங்கிக்கொண்டே வந்தது. குமரேசன் உள்ளே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிர்மலையில் விமானத்தைப் பறக்கவிட்டார்கள். தலை ஒரு பக்கம் திரும்பியது, நின்றது, எதிர்ப்பக்கம் திரும்பியது, மறுபடி நின்றது. உள்ளேயிருந்து குமரேசனின் குரல் வந்தது. "மேடம், ஒண்ணுமே தெரியலீங்க. வெறும் வெள்ளைங்க."

விமானத்தின் சத்தம் நெருங்கி வந்தது. தேனீ இரைவதுபோல் சின்னச் சத்தம்தான். அது எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாவது சுற்றும் சுற்றியது. வண்டியின் தலை அசையவில்லை. அது வெறும் பொம்மை விமானம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என்னை அறியாமல் குனிந்துகொண்டேன். மெய்யான விமானமாக இருந்தால் இந்த நேரத்துக்குள் உள்ளே இருக்கிற மூன்று பேரும் இல்லை. நான் பத்து நாளாகத் துண்டால் துடைத்து மறைத்து வைத்திருந்தது இதைத்தான்.

மேடம் கட்டத்தில் 'மங்கல்' என்று எழுதினார். பிறகு முந்தின பத்துத் தாள்களையும் எடுத்து, ஒவ்வொரு 'தெளிவு' மேலும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். பத்துக் கோடு, பத்துக் கையெழுத்து. 

அவர் எழுதிய அறிக்கையில் என்னைப் பற்றி மூன்றே வாக்கியம் இருந்தது என்று குமரேசன் பிறகு சொன்னார். ஓட்டுநர் கண்ணாடியில் கிழங்கைத் தேய்த்தார். சோதனை எதற்காக என்று ஓட்டுநருக்குச் சொல்லப்படவில்லை. சொல்லாதது குழுத் தலைவராகிய என் தவறு. இவ்வளவுதான். இரண்டாவது தடவை சொல்கிற மாதிரியே எழுதியிருந்தார்.

ஆனாலும் எனக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் கருவியைத் தொட்டது குற்றம். அந்த வருடப் பட்டியலில் என் பெயர் இல்லை. செல்வி அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டுக் கொதித்துப்போனாள்.

"நெசத்தைச் சொன்னதுக்கு மெமோவா? நல்லா இருக்குதுங்க இவங்க ஞாயம்!"

"சொன்னதுக்கு இல்ல அம்மிணி. கெழங்கு தேச்சதுக்கு."

"அப்பவே சொன்னேன், அந்தக் கெழங்கப் பையில போட்டுட்டுச் சுத்தாதீங்கன்னு. சட்டைதான் போச்சுன்னு பாத்தா வேலைக்கே ஒல வெச்சிருச்சு" என்று கொஞ்ச நேரம் திட்டினாள். பிறகு அந்த மெமோவைக் கசங்காமல் மடித்து, ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியில் வைத்தாள். நிரந்தர ஆணை இரண்டு வருடம் கழித்து வந்தது. குவார்ட்டர்ஸ் சமையல்கட்டு அவள் நினைத்த அளவு பெரிதாக இல்லை. ஆனால் வெயில் விழும். அதில் அவளுக்குத் திருப்திதான். குமரேசன் வளைகாப்புக்குச் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தாராம். மாமனார் வீட்டில் யாரும் பேசவில்லையாம். பெண் குழந்தை பிறந்ததும் எனக்குத்தான் முதலில் போன் செய்தார்.

அடுத்த வருடம் தை மாதத்தில் அதே வண்டி மறுபடி மேலே வந்தது. கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி சூடேற்றுவதற்காக முடிபோல் மெல்லிய கம்பி பதித்திருந்தார்கள். சோதனைக்கு முந்தின நாள் மேடம் எல்லாரையும் கொட்டகைக்கு வரச் சொன்னார். என்ஜினீயர்கள் மட்டும் இல்லை; நான், காவலாளி, சமையல்காரர் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நாளைக்கு எதைச் சோதிக்கப்போகிறோம், எது நடந்தால் நல்லது, எது நடந்தால் கெட்டது என்று நிதானமாகச் சொன்னார். சொல்லி முடித்து எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டாவது தடவையும் சொன்னார். எத்தனையோ வருட சர்வீஸில், நான் ஓட்டுகிற வண்டி எதற்காக ஓடுகிறது என்று ஒருவர் எனக்கு உட்காரவைத்துச் சொன்னது அன்றுதான். பெருமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் விடிகாலை தார்ப்பாயை எடுத்தேன். கண் மங்கத் தொடங்கியது.  மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையைக் காட்டினார், உள்ளே குமரேசன் சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் விளிம்பிலிருந்து நடுவுக்கு, மங்கல் வந்த அதே வழியில், தெளிவு வந்தது. எதிர்மலையில் சத்தம் கேட்டது. தலை திரும்பியது. நிற்கவில்லை. அந்தச் சின்ன விமானம் எங்கள் தலைக்கு மேலே வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு, அது போன பக்கமெல்லாம் கூடவே திரும்பிக்கொண்டிருந்தது.

மேடம் தாளைப் பலகையோடு என்னிடம் நீட்டினார். "நீங்க ஏறிப் பார்த்துச் சொல்லுங்க தங்கவேலு."

"நானுங்களா மேடம்?"

"அது மங்கலா இருந்ததை முதல்ல பார்த்தவர் நீங்கதானே."

ஏணியில் ஏறினேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். இறங்கி வந்து, "தெளிவுங்க மேடம்" என்றேன்.

"இப்ப ரெண்டாவது தடவை பாருங்க."

மறுபடி ஏறிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் என் முகம் தெரிந்தது. இறங்கி வந்து அவர் பேனாவை வாங்கி, கட்டத்தில் 'தெளிவு' என்று எழுதி, பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கவனித்தேன், என் இடது கை சட்டைப் பைக்குள் போய் அங்கே இருந்த அரைக் கிழங்கை வெளியே வந்துவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.